11 ரெப்போ, 14 கடை, ஒரு பெயர் மாற்றம்

லாஸ்பேட்டையில் ஒரு மாடியில் நாலு பேர் உட்காரும் ஆபீஸ் எங்களுடையது. மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். புதுச்சேரியில் ஒன்பது கடை, கடலூர்ப் பக்கம் ஐந்து, ஆக மொத்தம் 14 கடைகளில் ஓடுகிறது. கோட் எல்லாம் கிட்டில்; கோடில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றை வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது. ஒரு திட்டத்தின் கோடும் அதன் வரலாறும் சேர்ந்த பெட்டகம்தான் ரெப்போ. எட்டு ரெப்போ ஒரு வாடகை சர்வரில், மூன்று கிட்ஹப் என்ற இணையத் தளத்தில். இந்தப் பதினொன்றில் முதன்மைக் கிளைக்கு, அதாவது எல்லாருடைய வேலையும் வந்து சேரும் கிளைக்கு, மாஸ்டர் என்று பெயர் இருந்தவற்றை மெயினுக்கு மாற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரை நாள் வேலை என்று நினைத்து 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். முடித்தது அக்டோபர் 11ஆம் தேதி, கடலூர் முதுநகரில், ஒரு மருந்துக் கடை கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு.

மாற்ற வேண்டும் என்ற எண்ணம் கொள்கையால் வந்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டாம் நாளே ஒரு ரெப்போவை க்ளோன் செய்துவிட்டு, அதாவது தன் லேப்டாப்புக்கு நகல் எடுத்துவிட்டு, என் மேஜைக்கு வந்து, "அண்ணா, ஃபோல்டர் காலியா இருக்குண்ணா. நான் ஏதாவது தப்பா பண்ணிட்டனா?" என்று நின்றாள். அவள் திரையில் ஓர் எச்சரிக்கை வரி. ரிமோட்டின், அதாவது சர்வரின், ஹெட் (முதன்மைக் கிளை எது என்று காட்டும் குறி) அங்கே இல்லவே இல்லாத ஒரு ரெஃப்பை, அதாவது கிளைப் பெயரைக் காட்டுகிறது, அதனால் ஃபைல்களை எடுத்து வைக்க (செக்அவுட் செய்ய) முடியவில்லை என்று பொருள். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது.

எங்கள் சர்வர் உபுண்டு 20.04. அதோடு வந்த கிட் 2.25. புது ரெப்போவின் முதல் கிளைக்கு என்ன பெயர் என்று நாமே சொல்லிவைக்கிற ‘இனிட் டீஃபால்ட்பிராஞ்ச்’ அமைப்பு 2020 ஜூலையில் வந்த 2.28இல்தான் நுழைந்தது. நான் அந்த சர்வரிலும் அந்த வரியைப் போட்டு வைத்திருந்தேன். பழைய கிட் அதை மறுக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை. தனக்குத் தெரியாத அமைப்பை எழுதினால் அது பேசாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆகவே சர்வரில் பிறந்த புது ரெப்போவின் ஹெட் மாஸ்டரைக் காட்டியது. என் லேப்டாப்பிலிருந்து நான் புஷ் செய்ததோ, அதாவது சர்வருக்கு அனுப்பியதோ, மெயின். க்ளோன் செய்தவள் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள், அங்கே யாரும் குடியில்லை.

எண்ணிப் பார்த்தால் 11 ரெப்போவில் நாலு மெயின், ஏழு மாஸ்டர். ஒவ்வொன்றிலும் எது என்று யோசித்து யோசித்துத்தான் எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டில் எந்தப் பெயர் ஆனாலும் சரி, ஒன்றாக இருந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது. காற்று அடிக்கிற பக்கம் மெயின், அவ்வளவுதான். கிட்ஹப் 2020 அக்டோபர் 1 முதல் புது ரெப்போக்களுக்கு மெயின் என்று வைக்கிறது, அதைப் போன்ற கிட்லாப் 2021இல் மாறியது, கிட் 3.0 வரும்போது அதன் சொந்த இயல்பும் மெயின்தான் என்று அறிவித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 1 என்றதும் இந்த ஊர்க்காரனுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 2006இல் அதே தேதியில்தான் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி ஆனது. ஆகி இத்தனை வருடம் கழித்தும் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டிதான். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவர் பாண்டி என்பார், பத்திரிகைக்காரர் புதுவை என்பார். எல்லாம் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேரும். எங்கள் மென்பொருளில் மாநிலப் பட்டியல் உண்டு. ஜிஎஸ்டியில் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. எண் மாறாது, பெயர்தான் மாறும். கிட்டும் அப்படியே. கமிட்டுக்கு, அதாவது பதிவு செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும், எண்தான் அடையாளம், கிளை என்பது அந்த எண்ணைச் சுட்டும் ஒரு பெயர்.

டீ குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. எங்களோடு வேலை செய்யும் கடலூர்த் தம்பிக்கு இந்த மாற்றமே பிடிக்கவில்லை. "டீ மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர்… நம்ம மரியாதையாத்தானண்ணா கூப்பிடுறோம். இதுல யாருக்கு என்ன வலிக்குது?" என்றான்.

கேள்வி நியாயம்தான். தமிழில் மாஸ்டர் என்பது கைவேலை தெரிந்தவருக்கு நாம் தரும் பட்டம். மாஸ்டர் என்றால் எஜமான், அதன் ஜோடி ஸ்லேவ், அதாவது அடிமை என்பதுதான் ஆட்சேபம். ஆனால் கிட்டில் ஸ்லேவ் என்று ஒரு கிளை எப்போதும் இருந்ததில்லை. அந்தப் பெயர் ஒலிப்பதிவில் சொல்லும் மாஸ்டர் காப்பியிலிருந்து வந்ததா, கிட்டுக்கு முன்பு லினக்ஸ் கர்னல்காரர்கள் பயன்படுத்திய பிட்கீப்பரின் மாஸ்டர்–ஸ்லேவ் பேச்சிலிருந்து வந்ததா என்று பெரிய வாதமே நடந்தது. தரவுத்தளங்களில்தான் அந்த ஜோடி வெளிப்படையாக இருந்தது. இணையத் தளங்கள் செய்ய உதவும் ஜாங்கோ என்ற மென்பொருள் 2014லேயே தன் ஆவணங்களிலிருந்து அதை எடுத்தது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு கிட்டின் மாஸ்டருக்கும் கேள்வி வந்தது.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இந்தக் கடற்கரையிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டில் ஆட்களைப் பிடித்து மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே அப்படி ஆள்பிடித்த ஒரு கூட்டத்தைப் பற்றி வருகிறது என்று மட்டும் சொன்னேன். அவன் கிளாஸை வைத்துவிட்டு, "சரிண்ணா, மாத்திக்கலாம். ஆனா எனக்கு வெள்ளியிலேர்ந்து லீவு வேணும், தங்கச்சி கல்யாணம்" என்றான். அந்த லீவு பின்னால் வரும்.

வேலைக்கு வருகிறேன். கிளை என்றால் என்ன என்று புதுப் பெண்ணுக்குக் காட்ட சர்வரிலேயே ஒரு ரெப்போவைத் திறந்தேன். உள்ளே ரெஃப்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஹெட்ஸ், அதற்குள் மாஸ்டர் என்று ஒரு ஃபைல். அளவு 41 பைட். கமிட் எண்ணின் 40 எழுத்து, ஒரு வரி முடிவு, தீர்ந்தது. எட்டு வருட வேலை, ஆயிரக்கணக்கான கமிட், அத்தனைக்கும் வாசல் அந்த 41 பைட். "இவ்ளோதானா?" என்றாள். இவ்வளவுதான். வெளியே ஹெட் என்று இன்னொரு ஃபைல், அதில் ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர்’ என்று காட்டும் ஒரே ஒரு வரி. பெயர் மாற்றம் என்பது முதல் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து, இரண்டாவது ஃபைலின் வரியைத் திருத்துவது. அதனால்தான் அரை நாள் என்று நினைத்தேன்.

முதலில் தேடல். மாஸ்டர் என்ற சொல் கோடில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் தொள்ளாயிரத்துச் சொச்சம் இடம். கணக்கு மென்பொருள் எழுதியவர்களுக்குக் காரணம் உடனே புரிந்திருக்கும். ஐட்டம் மாஸ்டர், சப்ளையர் மாஸ்டர், டாக்டர் மாஸ்டர், வரி மாஸ்டர்! அடிப்படைத் தகவல் வைக்கும் டேபிள்களுக்கெல்லாம் இந்தத் தொழிலில் அதுதான் பெயர். டேலியில் பழகிய கணக்கர் யாரைக் கேட்டாலும் மாஸ்டர் என்றால் இதைத்தான் சொல்வார். "ஒரே கமாண்ட்ல எல்லாத்தையும் ரீப்ளேஸ் பண்ணிடலாமாண்ணா?" என்றாள். பண்ணியிருந்தால் ஐட்டம் மெயின், டாக்டர் மெயின் என்று 14 கடையும் மறுநாள் மூடியிருக்கும்.

அதனால் வெறும் மாஸ்டரைத் தேடாமல், கிட்டோடு ஒட்டி வரும் சேர்க்கைகளை மட்டும் தேடினோம். ‘ஆரிஜின்/மாஸ்டர்’, ‘ஹெட்ஸ்/மாஸ்டர்’, ‘செக்அவுட் மாஸ்டர்’, ‘புல் ஆரிஜின் மாஸ்டர்’. பதினேழு இடம் கிடைத்தது. பில்டு ஸ்கிரிப்ட், இரவு பேக்கப், ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பு ஃபைல்கள் சில. எல்லாவற்றையும் திருத்தி, அப்போதிருந்த மாஸ்டரிலேயே கமிட் செய்தோம். அத்தோடு தேடல் முடிந்தது என்று நான் நினைத்ததுதான் இந்தக் கதையின் மீதி.

முதல் ரெப்போவை எல்லாரும் செய்கிற மாதிரி லேப்டாப்பிலிருந்து செய்தேன். ‘கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்’ என்றால் உள்ளூரில் பெயர் மாறிவிடும், வரலாறு, ரெஃப்லாக் (கிளை எங்கெங்கே நகர்ந்தது என்ற குறிப்பு) எல்லாம் கூடவே வரும். அப்புறம் மெயினைப் புஷ் செய்து, சர்வரில் உள்ள மாஸ்டரை டெலீட் செய்யச் சொன்னேன். சர்வர் மறுத்தது. நடப்புக் கிளையை அழிக்க மாட்டேன் என்றது. அதன் ஹெட் இன்னும் மாஸ்டரைக் காட்டிக்கொண்டிருக்கிறதே, அதை அழித்தால் அடுத்து க்ளோன் செய்கிறவருக்குக் காலி ஃபோல்டர்தான் மிஞ்சும். ஆகஸ்டில் நடந்ததும் அதுவே. நியாயமான மறுப்பு. சர்வரில் நுழைந்து ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்’ என்று ஹெட்டைத் திருப்பிவிட்ட பிறகு டெலீட் போனது.

இரண்டாவதிலிருந்து சுற்றி வளைக்கவில்லை. நேரே சர்வரின் ரெப்போவுக்குள் போய் அங்கேயே ‘பிராஞ்ச் -எம்’. கிளையும் மாறும், ஹெட்டும் கூடவே திரும்பும். மீதி ரெப்போக்கள் பத்து நிமிடத்தில் முடிந்தன. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் இப்படியே செய்யுங்கள்.

கிட்ஹப்பில் இருந்த மூன்றில் ஒன்றுதான் மாஸ்டர். அமைப்புப் பக்கத்தில் கிளைக்குப் பக்கத்திலுள்ள பென்சிலை அழுத்திப் பெயரை மாற்றினால் திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (சேர்க்கச் சொல்லிக் காத்திருக்கும் மாற்றங்கள்), பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும் அதுவே நகர்த்துகிறது, பழைய இணைப்புகளையும் திருப்பி விடுகிறது. ஆனால் தானாக ஓட வேண்டிய வேலைகளை எழுதும் ஆக்ஷன்ஸ் ஃபைலுக்குள் நாம் எழுதிவைத்த கிளைப் பெயரை அது தொடாது. அதை நாமே மாற்ற வேண்டும்.

மூன்று லேப்டாப்பிலும் பெயர் மாற்றி, ஃபெட்ச் செய்து (சர்வரில் புதிதாக உள்ளதை வாங்கி), ‘பிராஞ்ச் -யூ ஆரிஜின்/மெயின்’ என்று மேல்கிளையை, அதாவது சர்வரில் பின்தொடர வேண்டிய கிளையைச் சேர்த்து, ‘ரிமோட் செட்-ஹெட் ஆரிஜின் -ஏ’ கொடுத்தோம். நாலாவது லேப்டாப் கல்யாண வீட்டில் இருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை, 16ஆம் தேதி, தம்பி வீட்டிலிருந்தே வேலைக்கு உட்கார்ந்தான். கல்யாண அலுப்பில் என் மெசேஜைப் படிக்கவில்லை. லீவுக்கு முன் பாதியில் விட்ட ஒரு திருத்தத்தை முடித்து, வழக்கம்போல ‘கிட் புஷ்’. அவன் லேப்டாப்பில் கிளை இன்னும் மாஸ்டர். சர்வரில் மாஸ்டர் இல்லை. கிட் என்ன செய்யும்? இல்லாத கிளையைப் புதிதாக உண்டாக்கித் தரும். திரையில் ‘புதுக் கிளை’ என்று ஒரு வரி வந்திருக்கும், யார் படிக்கிறார்கள். டெமோவை, அதாவது நாங்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் பிரதியைத் திறந்து பார்த்தான், அவன் திருத்தம் அங்கே இருந்தது. லேப்டாப்பை மூடினான்.

புதன்கிழமை அந்தத் திருத்தம் மெயினில் இல்லையே என்று நான் தேடப் போனபோதுதான் மாஸ்டர் மறுபடி பிறந்திருப்பது தெரிந்தது. அவனுடைய கமிட்டை மெயினில் மெர்ஜ் செய்தேன், மாஸ்டரை அழித்தேன், போனில் அவனுக்கு ஒவ்வொரு கமாண்டாகச் சொன்னேன். "பிராஞ்ச், ஸ்பேஸ், மைனஸ் எம்… ஆமா, சின்ன எம்." சின்ன எம்மா பெரிய எம்மா என்பது முக்கியம். பெரிய எம் போட்டால், ஏற்கெனவே மெயின் என்று ஒன்று இருந்தாலும் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும்.

அன்றைக்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. மாஸ்டருக்குப் போன புஷ் எப்படி டெமோவில் ஏறியது?

இப்போது இந்தத் தேதிகளின் முக்கியத்துவத்தைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆகிறது, 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு 12இலிருந்து பூஜ்யம். மருந்துக் கடை மென்பொருள் செய்கிறவனுக்கு அந்த மாதம் அதைத் தவிர வேறெதுவும் இருந்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட மாதத்தில் கிளைக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன் என்றால், திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். என் மனைவி ஏற்கெனவே திட்டிவிட்டாள்.

20ஆம் தேதி சனிக்கிழமை இரவு வரி மாற்றத்தை மெயினுக்குப் புஷ் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஞாயிறு காலையில் புதுப் பெண் வீட்டிலிருந்தபடியே டெமோவில் ஒரு பாராசிட்டமால் அட்டைக்கு 22ஆம் தேதி போட்டு பில் அடித்துப் பார்த்திருக்கிறாள். போன் வந்தது. "அண்ணா, இன்னும் பன்னெண்டுதாண்ணா வருது."

ஆபீஸுக்கு ஓடினேன். மெயினில் திருத்தம் இருக்கிறது. டெமோவில் இல்லை. டெமோவில் ஏற்றுவது சர்வரில் இருக்கும் ‘போஸ்ட்-ரிசீவ்’ ஹுக். புஷ் வந்ததும் கிட் தானாக ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் அது. வந்த ஒவ்வொரு ரெஃப்புக்கும் பழைய எண், புது எண், பெயர் மூன்றையும் கிட் அதற்குக் கொடுக்கும். திறந்தால் நாலாவது வரியில் உட்கார்ந்திருந்தது: பெயர் ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர்’ என்றால் மட்டும் ஏற்று. மெயின் வந்தால்? அதற்கு எதுவும் எழுதவில்லை, ஆகவே எதுவும் செய்யவில்லை. பிழையும் இல்லை. ஹுக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முன்பெல்லாம் புஷ் முடிவில் ‘டெமோவில் ஏற்றியாச்சு’ என்று நான் எழுதிவைத்த வரி வரும். முந்தின இரவு அது வரவில்லை. வந்த வரியையே படிக்காதவர்கள் நாங்கள், வராத வரியை எங்கே கவனிக்க?

இது ஏன் தேடலில் சிக்கவில்லை என்றால், ஹுக்குகள் ரெப்போவின் கோடில் சேர்த்தி இல்லை. சர்வரில் தனி ஃபோல்டரில் கிடக்கும், கமிட் ஆகாது, க்ளோனில் வராது. கோடுக்குள் எத்தனை தேடினாலும் கண்ணில் படாது. செவ்வாய்க்கிழமை மர்மமும் அங்கேயே அவிழ்ந்தது. தம்பியின் புஷ் மாஸ்டர் என்ற பெயரில் வந்ததால் ஹுக் சந்தோஷமாக எழுந்து டெமோவில் ஏற்றிவிட்டது. செத்துப்போனதாக நினைத்த கிளை எழுந்து வந்து வேலையும் பார்த்துவிட்டுப் போனதால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஹுக்கில் மாஸ்டரை மெயினாக்கி ஓட்டினேன். இந்த முறை கத்தியது: மாஸ்டர் என்று எதுவும் எனக்குத் தெரியாது என்றது. ஆறாவது வரியில் செக்அவுட் கட்டளையிலும் அதே பெயர். இப்படிக் கத்துகிற பிழையைத் திருத்த அரை நிமிடம். அதைத் திருத்துவதற்குப் பதில் பெயரையே எடுத்துவிட்டேன். ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட்’ என்று கேட்டால், முதன்மைக் கிளை எது என்று ரெப்போவே சொல்லும். வந்த ரெஃப் அதோடு ஒத்துப்போனால் ஏற்று. செக்அவுட்டில் கிளைப் பெயரே வேண்டாம், கொடுக்காவிட்டால் ஹெட்டைத்தான் எடுக்கும். நாளைக்கு எவனாவது மெயினையும் மாற்றச் சொன்னால் இந்த ஹுக்கைத் தொட வேண்டியதில்லை. பதினொரு மணிக்கு டெமோவில் 5 சதவீதம் வந்தது.

அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. டெமோ எங்களுக்கு மட்டும். கடைகள்?

ஒவ்வொரு கடையிலும் விண்டோஸ் கம்ப்யூட்டர். அதிகாலை 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் ஒரு பேட்ச் ஃபைலை ஓட்டும், அதில் சர்வரிலிருந்து புதியதை இழுத்துக்கொள்ள ‘கிட் புல்’ என்று ஒரு வரி. மாஸ்டர் என்ற சொல்லே அதில் இல்லை, அதனால் தேடலில் வரவும் இல்லை. சொல் இருந்தது வேறிடத்தில்: ஒவ்வொரு கடை கம்ப்யூட்டரிலும் க்ளோன் செய்த அன்றைக்கே, இந்தக் கிளை சர்வரின் மாஸ்டரைப் பின்தொடர்கிறது என்று கிட் தன் கான்ஃபிக்கில், அதாவது அமைப்பு ஃபைலில், எழுதிவைத்திருக்கிறது. 14 கடையில் 14 கான்ஃபிக்.

முத்தியால்பேட்டைக் கடை ஞாயிறும் திறந்திருக்கும். ரிமோட்டில் புகுந்து இரவு அப்டேட் லாகைத் திறந்தேன். 14ஆம் தேதி அதிகாலை முதல் ஒரே பிழை: நீங்கள் மெர்ஜ் செய்யச் சொன்ன ‘ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர்’ ரிமோட்டிலிருந்து வரவில்லை. 15, 16 அதே. 17ஆம் தேதி மட்டும் சரி, செவ்வாய்க்கிழமைப் பேய் தயவு. 18 முதல் மறுபடி பிழை. அந்த வாரம் புது வெளியீடு எதுவும் இல்லாததால் கடைக்காரர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை தெரிந்திருக்கும்: வாடிக்கையாளர் முந்தின நாள் செய்தி பார்த்துவிட்டு வந்து நிற்பார், பில்லில் 12 அடித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையில் 14 கம்ப்யூட்டருக்குள் புக வழியில்லை. பாதிக் கடை மூடியிருந்தது. கொஞ்ச நேரம் மாஸ்டரைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாமா, இந்த மெயினே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் ஊர்ப் பெயர் கைகொடுத்தது. பாண்டி என்று டிக்கெட் கேட்டாலும் புதுச்சேரியில்தானே இறக்கிவிடுகிறார்கள்.

ஹெட்டைத் திருப்பப் பயன்படுத்திய அதே கட்டளைதான். ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்’. மாஸ்டர் என்ற ஃபைல் மறுபடி வந்தது. ஆனால் அதற்குள் கமிட் எண் இல்லை, மெயினைப் போய்ப் பார் என்று ஒரு வரி. சர்வரில் கிளைகளைப் பட்டியலிட்டால் மாஸ்டரிலிருந்து மெயினுக்கு ஓர் அம்புக்குறி காட்டும். மாஸ்டரைக் கேட்டு வரும் கடைக்கு மெயினில் இருப்பதே கிடைக்கும், எப்போதும் ஒன்றாகவே நகரும்.

இதில் ஒரு பொறி உண்டு. இந்த மாற்றுப் பெயருக்கு யாராவது புஷ் செய்தால் அது மெயினுக்குள்ளேயே போய்விடும், ஆனால் ஹுக்குக்குச் சொல்லப்படும் பெயர் மாஸ்டர். மெயின் மாறியிருக்கும், டெமோ மாறாது, மறுபடி அதே மௌனம். அதனால் ‘அப்டேட்’ என்ற இன்னொரு ஹுக்கைப் போட்டேன். புஷ்ஷை ஏற்பதற்கு முன்பே ரெஃப் ஒவ்வொன்றுக்கும் ஓடும், பிழை எண்ணோடு முடிந்தால் அந்த ரெஃப்பை ஏற்காது. வந்த பெயர் மாஸ்டர் என்றால் ‘மாஸ்டர் இனி இல்லை, மெயினுக்கு அனுப்பவும்’ என்று தமிழில் ஒரு வரி சொல்லித் திருப்பி அனுப்பும். படிக்கலாம், எழுத முடியாது. சோதித்துப் பார்க்கத் தம்பியை வேண்டுமென்றே மாஸ்டருக்குப் புஷ் செய்யச் சொன்னேன். "துரத்திடுச்சுண்ணா" என்றான்.

முத்தியால்பேட்டைக் கடையில் கையால் அப்டேட்டை ஓட்டினேன், வந்தது. திங்கள் அதிகாலை 2 மணிக்கு விழித்துக்கொண்டு படுத்திருந்தேன், பார்க்க எதுவும் இல்லாவிட்டாலும். காலை ஒன்பதுக்குள் எல்லாக் கடைக்கும் போன் போட்டோம். பதின்மூன்று கடையில் 5 சதவீதம். பதினாலாவது கடலூர் முதுநகர்க் கடை. அந்தப் பெரியவர் இரவு கடை மூடும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர். அவருடைய கம்ப்யூட்டர் அதிகாலை 2 மணியைப் பார்த்ததே இல்லை. வழக்கமாக நாங்கள் போன் செய்தால் திரையில் உள்ள ‘அப்டேட்’ பொத்தானை அழுத்துவார். அழுத்தினார், வந்தது.

மாற்றுப் பெயர் என்பது தற்காலிகம் என்று சொல்லி நிரந்தரமாகத் தங்கிவிடும் சாமான், அதனால் கடைகளையும் மாற்றிவிட வேண்டும் என்று இருந்தது. 27ஆம் தேதி வெளியீட்டில் இரவு வேலையோடு ஒரு சின்ன ஸ்கிரிப்டைச் சேர்த்தோம்: கிளை மாஸ்டராக இருந்தால் மெயினாக்கு, மேல்கிளையைத் திருப்பு, எந்தக் கிளையில் இருக்கிறாய் என்று சர்வருக்கு ஒரு வரி எழுது. இந்த வரிகளைப் பழைய பேட்ச் ஃபைலிலேயே எழுதக் கூடாது. விண்டோஸ் பேட்ச் ஃபைலை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, ஒவ்வொரு வரியாக ஃபைலிலிருந்து எடுத்து ஓட்டும். நடுவில் ‘கிட் புல்’ அதே ஃபைலை மாற்றிவிட்டால், விட்ட இடம் வேறு வரியின் நடுவாக இருக்கும், கண்டபடி ஓடும். இதை 2022இலேயே ஒரு முறை அடிபட்டுக் கற்றுக்கொண்டதால், புல் முடிந்த பிறகு கூப்பிடும் தனி ஃபைல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதற்குள் போட்டோம். மூன்று இரவில் 13 கடை மெயின் என்று பதில் எழுதின.

முதுநகர்க் கடை எழுதவில்லை. பொத்தான் வெறும் புல் மட்டும்தான் செய்யும், இரவு வேலை அங்கே ஓடுவதே இல்லையே. அந்த ஒரு கடைக்காகச் சர்வரில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தது. ரிமோட்டில் செய்யலாம் என்றால், பெரியவர் கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் திரையைத் தர மாட்டார், ஆள் இல்லாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அக்டோபர் 11, சனிக்கிழமை, பஸ் ஏறினேன். திருப்பாதிரிப்புலியூரில் தம்பி பைக்கோடு நின்றான். இருவருமாகப் போனோம்.

மதிய நேரம், கடையில் கூட்டம் இல்லை. ஸ்டூல் கொடுத்தார். பெயரை மாற்றினேன், ஃபெட்ச், மேல்கிளை, செட்-ஹெட். ஷெட்யூலரில், நேரம் தவறினால் அடுத்து எப்போது முடியுமோ அப்போது ஓட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் டிக் செய்தேன். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டு கம்ப்யூட்டரைத் திறந்ததும் இனி அதுவே ஓடும்.

"என்ன தம்பி கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலங்க. ஒரு பேரு மாத்தணும்."

"பேரு மாத்தவா பாண்டியிலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க?"

அவர் ஸ்டூலிலிருந்தே என் லேப்டாப் வழியாக சர்வருக்குள் போய் ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் -டி ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர்’ கொடுத்தேன். வெளியிலிருந்து ‘எல்எஸ்-ரிமோட்’ போட்டுப் பார்த்தேன். ஹெட், மெயின், இரண்டே வரி. மாஸ்டருக்குப் புஷ்ஷை மறுக்கும் ஹுக்கை மட்டும் எடுக்கவில்லை, அது இருக்கட்டும்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு தாளை நீட்டினார். காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்ப எங்கள் மென்பொருளில் அடித்த சீட்டு, புதுச்சேரி மொத்த வியாபாரி ஒருவருக்கு. "வந்ததுதான் வந்தீங்க, இதையும் பாத்துடுங்க. அவங்க கேலி பண்றாங்க" என்றார். மாநிலம் என்ற இடத்தில் 34 சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் பாண்டிச்சேரி.